குழாயில் தெரிந்த நீலம்

படுவான்கரை
1993 பெப்ரவரி 9, இரவு

ஸஹீதா,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. வாசித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் வாப்பாவுக்கும் தெரிய வேண்டாம். நாம் இருவரும் எழுதிக்கொள்கிறோம் என்று தெரிந்தால் உங்கள் ஊரிலும் கேள்வி வரும், எங்கள் ஊரிலும் வரும். எங்கள் ஊரில் கேட்பவர்கள் இயக்கக்காரர், வீட்டுக்கே வந்து கேட்பார்கள்.

நான் தவமலர். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் ஒரே வாங்கில் இருந்தவள். சண்டை தொடங்கிய பிறகு இரண்டரை வருடமாக உனக்கு ஒரு வரி எழுதாதவள். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. இப்போது ஒரு மருந்துக் குப்பி கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் தங்கை கண்ணகையை உனக்கு ஞாபகம் இருக்கும். உன் சோற்றுப் பெட்டியிலிருந்து முட்டையை எடுத்துத் தின்றவள். இப்போது ஒன்பது வயது. போன மாரியில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், ஈர்க்குப் போல மெலிந்தாள், ஒருநாள் மூச்சு வாங்கி விழுந்துவிட்டாள். தோணியில் போட்டுக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் காப்பாற்றினார்கள். சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. சாகும்வரைக்கும் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்பாவுக்கும் சீனி வருத்தம் இருந்தது உனக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தபோது பெரிய வயிறும் மாத்திரைப் போத்தலுமாகத் திரிந்தார். சண்டைக்குப் பயந்து நாங்கள் காட்டோரம் நாலு மாதம் கிடந்தோம். மாத்திரை இல்லை. அரிசி, கோதுமை மா, சீனி ஒன்றும் இல்லை. குளத்தில் ஒல்லிக்கிழங்கு கிண்டினோம். குரக்கன் கூழ், கீரை, வாவி மீன், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது அப்பாவின் வயிறு இல்லை, சீனியும் இல்லை. அன்றையிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு: எங்கள் முன்னோர் தின்றதைத் தின்றால் இந்த வருத்தமே கிட்டாது. வருகிற எல்லாரிடமும் சொல்கிறார்: "இருவது வருசமா சங்கக்கடையில நான் நிறுத்துக் குடுத்தது சாப்பாடில்ல மனே, வருத்தம்."

இதுவரைக்கும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. தை மாதம் கண்ணகையின் மருந்தை எடுத்துக்கொண்டு வந்த அப்பாவைத் துறையடி ஆமிச் சென்றியில் மறித்தார்கள். மருந்துக்குப் பாஸ் இல்லை என்று பகல் முழுக்க வெயிலில் முழங்காலில் நிற்க வைத்தார்கள். குப்பியை அவர் கண் முன்னால் கல்லில் போட்டு உடைத்தார்கள். அப்பா வெறும் கையோடு வந்தார். சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்: "வீட்டில கிடக்கிற குப்பி முடியட்டும். அதோட ஊசி வேணாம். என்ட புள்ள முன்னோர் சாப்பாட்டில நிப்பாள். நான் நிக்கல்லியா?"

குப்பியில் இன்னும் பத்து நாளைக்கு இருக்கிறது. மார்கழியில் ஆமி தோணித்துறையைப் பூட்டி மூன்று நாள் ஊசி தவறியபோது அவள் எப்படிக் கிடந்தாள் என்று நான் பார்த்தவள், ஸஹீதா. அவள் மூத்திரம் போன இடத்தில் எறும்பு கறுப்பாக மொய்த்தது. அப்பாவிடம் சொன்னால், அப்போது அவள் கோதுமைப் பாண் தின்றிருந்தாள் என்கிறார்.

உன் வாப்பாவின் மருந்துக்கடையில் குளிர்ப்பெட்டி இருக்கிறது. தயிர் விற்கும் சீதேவிப்பிள்ளை மாமி கிழமைக்கு இரண்டு நாள் வாவியைக் கடந்து உங்கள் கரையில் ஆரையம்பதிச் சந்தைக்கு வருகிறா. உன் உம்மா அவவிடம் தயிர் வாங்குவதாகச் சொன்னா.

இவ்வளவுதான். அப்பா இருமுகிறார். விளக்கை ஊதப் போகிறேன்.

தவம்


காத்தான்குடி
1993 பெப்ரவரி 17

தவமலர்,

எரிக்கச் சொன்னாய். மூன்று தரம் வாசித்துவிட்டு எரித்தேன்.

எங்கள் நானா, என் கூடப்பிறந்த அண்ணன், சண்டையில் சுடப்பட்டு மௌத்தானது உனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதே, படுவான்கரை முழுக்கத் தெரியும். அவர் நமக்கு மாங்காய் பிடுங்கித் தந்தவர். உன்னிடமிருந்து ஒரு துண்டுக் கடதாசி வரும் என்று நான் ஒரு வருடம் பார்த்தேன். வரவில்லை. குப்பி வேண்டும் என்றதும் ஸஹீதா ஞாபகம் வந்துவிட்டாள்.

அனுப்பக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். கடிதம் வந்ததை உம்மாவிடம் மட்டும் சொன்னேன். உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. தலையைத் தூக்காமல் கேட்டா: "அந்த ஒம்பது வயசுப் புள்ள நமக்கு என்ன செஞ்சிச்சி?" பிறகு எழும்பிப் போய் அவவே குளிர்ப்பெட்டியைத் திறந்தா. உன் சீதேவிப்பிள்ளை மாமியின் சும்மாட்டுத் துணியை நனைத்து, குப்பியை அதற்குள் சுருட்டி, தலையில் வைத்து, மேலே வெறும் தயிர்ச்சட்டிகளை அடுக்கி விட்டதும் உம்மாதான். ஈரச் சும்மாடு குளிராக இருக்குமாம். சென்றியில் சட்டிக்குள் தடி விட்டுப் பார்ப்பார்களாம், சும்மாட்டை அவிழ்ப்பதில்லையாம்.

எங்கள் கடைக்குப் பின்னேரம் வரும் டொக்டரிடம் வேறு யாரோ கேட்டதாகக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சீனி வருத்தம் என்று ஒரு பெயர்தான், வருத்தம் இரண்டு. உன் அப்பாவின் உடம்பில் இன்சுலின் ஊறுகிறது, ஆனால் கொழுப்பு ஏறிய உடம்பு அதைக் கேட்பதில்லை. மெலிந்தால், வயல் வட்டையில் வேலை செய்தால், சீனியும் மாவும் குறைந்தால், கேட்கும். ஆகவே உன் அப்பாவுக்குக் குணமானது பொய்யில்லை. கண்ணகையின் உடம்பில் அது ஊறுவதே இல்லை. கிழங்கு தின்றாலும் ஊறாது, தேன் தின்றாலும் ஊறாது.

"முன்னோருக்கு இந்த வருத்தம் இல்லையே" என்று கேட்டேன். டொக்டர் சிரித்தார். "இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் மூன்று மாதத்தில் செத்துப் போனார்கள் மகள். அவர்கள் யாருக்கும் முன்னோர் ஆகவில்லை" என்றார்.

இன்னொன்று. உன் அப்பா மரவள்ளிக்கிழங்கும் மிளகாயும் சாப்பிட்டால் நிறுத்தச் சொல். இரண்டும் பறங்கியரின் கப்பலில் வந்தவை.

ஸஹீதா

குறிப்பு: இது மன்னிப்பு இல்லை. குப்பி மட்டும்தான்.


படுவான்கரை
1993 மார்ச் 12, இரவு

ஸஹீதா,

குப்பி வந்தது. அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினா. ஈரமணல் சட்டிக்குள் புதைத்து, சட்டியை விறகுக்குப் பின்னால் வைத்திருக்கிறா. அப்பா விடியமுன் வட்டைக்குப் போனதும் சோற்றுப் பானையிலேயே ஊசியை அவித்துப் போடுகிறா. பின்னேரம் அவர் குளிக்கப் போகும் நேரம் மற்றது. கண்ணகைக்கு எல்லாம் தெரியும். கத்துவதில்லை. பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

மிளகாய்க் கதையை அப்பாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்ததாகச் சொன்னேன். அப்பா யோசித்துவிட்டு அன்றையிலிருந்து கறிக்கு மிளகுதான் போடச் சொல்கிறார். மூன்று கிழமையாக நாங்கள் எல்லோரும் உன்னால் மிளகுக் கறி தின்கிறோம்.

ஆனால் ஒன்று நடக்கிறது. அது எங்கே போகும் என்று தெரியவில்லை.

அப்பாவிடம் பழைய கிளினிக் பெட்டி இருக்கிறது. ஒரு சோதனைக் குழாய், ஸ்பிரிட் லாம்பு, பெனடிக்ட் கரைசல். கரைசலில் எட்டுத் துளி மூத்திரம் விட்டுக் கொதிக்க வைத்தால், சீனி இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். முதல் வெள்ளிக்கிழமை அப்பா கண்ணகையின் மூத்திரத்தைக் கொதிக்க வைத்தார். அம்மா அடுப்படியில் நின்றபடி என்னைப் பார்த்தா.

நீலம்.

அப்பா குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்தார். பிறகு கீழே வைத்துவிட்டு அழுதார். எங்கள் அப்பா அழுது நான் கண்டதில்லை, சென்றியால் வந்த அன்றைக்கும் அழவில்லை. "ஊசி இல்லாம, புள்ள. ஊசி இல்லாம!" என்று என் தலையைத் தடவினார்.

அடுத்த வெள்ளிக்கு நாலு பேரைக் கூப்பிட்டார். அதற்கடுத்த வெள்ளிக்கு முற்றத்தில் இருபது பேர். தையல்காரர் ஒருவர் கேட்டார்: "மனேஜர் ஐயா, எங்கட முன்னோர் சாராயமும் குடிச்சவங்கதானே, அதுக்குத் தடை இல்லியே?" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு குழாய் நீலமாக நின்றதும் ஒருவரும் சிரிக்கவில்லை.

கண்ணகைக்கு ஒருநாள் வேர்த்துக் கை நடுங்கியது. சாப்பாடு குறைவு, ஊசி பழைய அளவு. வீட்டில் சீனி கிடையாது. அம்மா சாமித் தட்டிலிருந்த கற்கண்டை எடுத்து வாயில் போட்டா. அந்தத் தட்டில் மட்டும்தான் அப்பா கை வைப்பதில்லை.

நானா பற்றி எழுதியிருந்தாய். நான் அன்றைக்கே எழுதினேன். கொடுத்தனுப்பப் பயந்து கிழித்தேன். இது உனக்குப் போதாது என்று தெரியும்.

தவம்


காத்தான்குடி
1993 மார்ச் 20

தவம்,

நோன்பு களைப்பு. சுருக்கமாக எழுதுகிறேன். இரண்டாவது குப்பி சும்மாட்டுக்குள் இருக்கிறது. ஊசி அளவைப் பற்றி டொக்டரிடம் கேட்டுத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன், அம்மாவிடம் கொடு.

அப்பாவுக்கு உண்மையைச் சொல்லிவிடு. நான் பயந்துதான் சொல்கிறேன். உன் வீட்டு முற்றத்தில் இருபது பேர் பார்ப்பது எங்கள் கடை மருந்தின் நீலத்தை. அதைப் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார்கள்?

ஒரு வெள்ளி வந்து, பிறகு வராமல் போனவர்கள் இருப்பார்கள். உன் அப்பா வந்தவர்களை மட்டும்தான் பார்க்கிறார். நீ வராதவர்களைத் தேடிப் போய்க் கேள்.

என் பெயரும் உம்மா பெயரும் மட்டும் சொல்லாதே. குப்பி ஆஸ்பத்திரியால் வந்தது என்று சொல்.

ஸஹீதா


படுவான்கரை
1993 ஏப்ரல் 24, சனி இரவு

ஸஹீதா,

நீ சொன்னபடி தேடிப் போனேன். சாராயம் பற்றிக் கேட்ட தையல்காரர் மாத்திரையை நிறுத்தவே இல்லை. குரக்கனையும் தின்று மாத்திரையையும் போடுகிறார். "உங்கட அப்பாக்குச் சொல்லிராத கா, கவலைப்படுவாரு" என்றார். இன்னொரு மாமி தன் அக்கா வீட்டில் ஒளித்துப் பாண் தின்கிறா. தோணி கட்டும் ஐயாவுக்கு உண்மையாகவே குறைந்திருக்கிறது, அவர் அப்பாவைப் போல் தொந்தி போட்டு இருந்தவர். இன்னொருவருக்குக் கால் புண் பெருத்துக் கிடக்கிறது. வெட்கத்தில் வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். அப்பாவிடம் காட்டத்தான் எழுதினேன். காட்டவில்லை. காட்டினால் கண்ணகையின் பெயருக்கு நேரே என்ன எழுதுவது?

இப்போது சொல்லப்போவதை வாசித்துவிட்டு என்னை வெறுத்துவிடாதே.

எங்கள் ஊரில் கண்ணகையைப் போல் ஊசி போடுகிறவர் இன்னும் ஒரே ஒருவர். இராசதுரை அண்ணன். இருபத்திநாலு வயது, வலை வீசுகிறவர். பதினாலு வயதிலிருந்து ஊசி. மாதம் ஒருமுறை மருந்துக்குத் துறை கடக்க வேண்டும். இளந்தாரி என்பதால் ஒவ்வொரு முறையும் சென்றியில் பிடித்து வைப்பார்கள். போன மாதம் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. அவரது தாய் ஆச்சிப்பிள்ளை மாமி எங்கள் முற்றத்தில் வந்து நின்று அப்பாவிடம் கேட்டா: "மனேஜர், என்ட மகனும் உங்கட புள்ளயப் போல சாப்பாட்டில நிப்பானா?"

அப்பா கண்ணகையைக் கூப்பிட்டு மாமி முன்னால் நிறுத்தினார். "இஞ்ச பாருங்க. ரெண்டு மாசம். ஊசி இல்ல."

புதன்கிழமை தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தேன். இராசதுரை அண்ணன் வேலியோரம் நின்றார். "தங்கச்சி, பெரிய ஆக்கள்ற கதை எனக்கு நம்பிக்கையில்ல. நீ படிக்கிற புள்ள. உண்மையச் சொல்லு. கண்ணகைக்கு ஊசி போடுறல்லதானே?"

அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. உன் உம்மா வந்தா. ஈரச் சும்மாடு வந்தது. இடுப்பில் குடம் வழிந்துகொண்டிருந்தது.

"ஓம் அண்ணன். போடுறல்ல" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்ப இனி அவனுகள்ற மூஞ்சில முழிக்கத் தேவையில்ல" என்று சொல்லிக்கொண்டு போனார். விசில் அடித்துக்கொண்டு போனார், ஸஹீதா.

அன்றைக்கே நிறுத்திவிட்டாராம். இன்றைக்கு நாலாம் நாள். வாவிக்குப் போகவில்லை, களைப்பாம். நான் என்ன செய்ய?

தவம்


காத்தான்குடி
1993 ஏப்ரல் 25

தவம்,

மாமி சந்தையில் நிற்கிறா, நின்றபடி எழுதுகிறேன்.

இன்றைக்கே சொல். இந்தத் தாள் கையில் கிடைத்த நிமிடம் எழும்பிப் போ. களைப்புக்குப் பிறகு குமட்டிச் சத்தி வரும், வயிறு நோகும், மூச்சு ஆழமாக இழுக்கும், வாயில் பழுத்த பழ வாசம் வரும். அது வந்துவிட்டால் ஊசி மட்டும் காணாது, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்ற வேண்டும். டொக்டர் கத்தினார்.

என்னிடம் இப்போது குப்பி இல்லை. கொழும்பு லொறி வரவில்லை. புதன்கிழமை வருமாம்.

எங்கள் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் சொல். உம்மாவும் சொல்லச் சொன்னா. வாப்பா என்னை அடித்தால் அடிக்கட்டும்.

ஸஹீதா


படுவான்கரை
1993 ஏப்ரல் 27, செவ்வாய் இரவு

ஸஹீதா,

உன் கடிதம் இன்றைக்குப் பின்னேரம்தான் வந்தது. ஞாயிறு மத்தியானம் துறையடியில் வெடிச் சத்தம் கேட்டது. இரண்டு நாள் துறையைப் பூட்டிவிட்டார்கள். சீதேவிப்பிள்ளை மாமி அந்தக் கரையில் யாரோ வீட்டில் கிடந்து வந்தா. அந்த இரண்டு நாளும் நான் சொல்லியிருக்கலாம். கடிதம் இல்லாமலே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. உன் பதிலுக்குக் காத்திருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தேன்.

வாசித்ததும் ஓடினேன். இராசதுரை அண்ணன் பாயில் கிடந்தார். நெஞ்சு மேலும் கீழும் போய் வந்தது, நீந்தி வந்தவரைப் போல. வாசலிலேயே வாசம் வந்தது. அன்னாசிப் பழ வாசம். ஆச்சிப்பிள்ளை மாமி அவருக்குக் குரக்கன் கஞ்சியும் தேனும் வைத்துக்கொண்டு இருந்தா. "சத்தி எடுக்கிறான் மனே. மனேஜர் காலையில வந்து பார்த்தாரு, பழைய அழுக்குக் கழியுதாம்."

நான் பாய்க்குப் பக்கத்தில் குந்தினேன். "அண்ணன், நான் பொய் சொன்னன். கண்ணகைக்கு ஊசி போடுறம். ஒவ்வொரு நாளும் போடுறம்."

அவர் கண்ணைத் திறந்தார். கோபம் இல்லை. விளங்காதவரைப் போல் பார்த்தார். "நீ ஓம் எண்டாய்தானே, தங்கச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மாமி கஞ்சிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தா. அண்ணனிடம் குப்பி இல்லை. இனித் தேவையில்லை என்று கிணற்றடியில் எறிந்துவிட்டாராம்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா அப்போதுதான் வட்டையால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார்.

"அப்பா, கண்ணகைக்கு ஊசி நிக்கல்ல."

"என்ன புள்ள பகிடி?" என்று சிரித்தார்.

அம்மா அடுப்படியால் வந்தா. கையில் மணல் சட்டி. நிலத்தில் கவிழ்த்தா. ஈரமணலுக்குள் குப்பி கிடந்தது, கால்வாசி மருந்தோடு. "நான்தான் போட்டன். ரெண்டு நேரமும் போட்டன்" என்றா.

அப்பா குனிந்து குப்பியை எடுத்தார். மணலைத் துடைத்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், வெள்ளிக்கிழமைகளில் குழாயைப் பிடிப்பது போலவே.

"அப்ப நான் சனத்துக்குக் காட்டின நீலம் ஆருட நீலம்?"

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் இராசதுரை அண்ணனின் மூச்சைச் சொன்னேன், வாசத்தைச் சொன்னேன், உன் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை. கால் ஈரம் காயமுன் அப்பா குப்பியோடு படலையைத் திறந்தார்.

"கண்ணகைக்கு விடியக்கு?" என்று அம்மா கேட்டா.

"விடியட்டும்" என்றார்.

ஆறு மணிக்குப் பிறகு வாவியில் தோணி இறக்கினால் சுடுவார்கள். ஆகவே விடியும்வரைக்கும் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. அதுவரைக்கும் அவருக்கு இருப்பது அந்தக் கால் குப்பியும் உப்புத் தண்ணீரும்தான். கண்ணகைக்கு இன்றைய மாலை ஊசி போடவில்லை. இப்போது இரண்டாவது தரம் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். "இராசதுரை அண்ணனுக்கு வலிச்சதா?" என்று கேட்டாள். ஊசியைக் கேட்கிறாள்.

சீதேவிப்பிள்ளை மாமி விடியற்காலையில் துறைக்குப் போவா, திறந்தால். இந்தக் கடிதத்தைச் சும்மாட்டில் வைத்து அனுப்புகிறேன். லொறி வந்திருந்தால் இரண்டு குப்பி அனுப்பு. இரண்டு. ஒன்று கண்ணகைக்கு. மற்றது

கதவில் தட்டுகிறார்கள்.

அப்பா தட்டுவதில்லை. படலையிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அம்மா எழும்பி உட்கார்ந்துவிட்டா. நான் இன்னும் விளக்கை ஊதவில்லை, வெளியே தெரியும்.

பொம்பிளைக் குரல். ஆச்சிப்பிள்ளை மாமி. என் பெயரைத்தான் சொல்கிறா. அழுகிறாவா கூப்பிடுகிறாவா என்று